மலையுச்சியில் ஆளில்லா வானொலி நிலையம்: அதைக் காப்பது எவ்வாறு?



வீட்டிலிருக்கும் பொருளைக் காக்க நமக்குப் பூட்டு உண்டு. பூட்டு போதாதெனில் நாய் உண்டு. நாயும் உறங்கிவிட்டால் பாட்டியின் இருமல் உண்டு. ஆனால் மனித நடமாட்டமே இல்லாத மலையுச்சியில், இரவும் பகலும் தன்னந்தனியாக நின்று பிறருக்காக உழைக்கும் ஒரு கருவியைக் காப்பவர் யார்? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'அமெச்சூர் வானொலி' என்பதைப் பற்றி நம்மில் சிலர் கேள்வியுற்றிருப்போம். பாட்டும் செய்தியும் ஒலிபரப்பும் வானொலி வேறு, இது வேறு. அரசாங்கம் நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, தம் இல்லத்திலேயே சிறிய நிலையம் அமைத்து, ஊதியம் ஏதுமின்றி ஒருவரோடொருவர் பேசிப் பழகுவோரை 'ஹாம்' என்று அழைக்கின்றனர். நம் நாட்டில் 12 வயது நிறைந்தவர்கள் இத்தேர்வை எழுதலாம். தேறியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி வழங்கப்படும். இந்தியர்களின் அழைப்புக்குறிகள் பெரும்பாலும் 'வி.யு.' என்று தொடங்கும். இலங்கையருடையவை '4 எஸ்' என்று தொடங்கும். நம் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம் என்பதும், அவருடைய அழைப்புக்குறி 'வி.யு.2 ஆர்.ஜி.' என்பதும் பலர் அறியாத செய்தி.

மலை எதற்கு?

ஹாம்கள் கையில் வைத்துப் பேசும் சிறு கருவியின் ஆற்றல் ஏறக்குறைய 5 வாட். அது பயன்படுத்தும் 144 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகள் ஏறத்தாழ ஒளியைப் போல நேர்கோட்டிலேயே செல்லும். பூமியோ உருண்டை. ஆகவே சமவெளியில் நின்று பேசும் இருவருக்கிடையே சுமார் 10 கிலோமீட்டர் தூரம் இருந்தாலே பூமியின் வளைவு குறுக்கிடத் தொடங்கிவிடும். இடையில் குன்றோ கட்டடமோ இருந்தால் அந்தத் தூரமும் இல்லை.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அதன் அலைகள் எட்டும் அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். சுற்றுப்புறத்தைவிட 1,600 மீட்டர் உயர்ந்த மலையுச்சியில் ஏரியலை நட்டால் என்ன ஆகும்? 1,600-இன் வர்க்கமூலம் 40. அதை 4.12-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 165 கிலோமீட்டர்! அம்மலையின் ஒரு புறத்திலுள்ள ஊரும் மறுபுறத்திலுள்ள ஊரும் அந்த உச்சியைக் காண முடியுமாதலால், அங்கே ஒரு நிலையம் இருந்தால் இரண்டு ஊர்களும் பேசிக்கொள்ளலாம். இதற்காக அமைப்பதே 'ரிப்பீட்டர்' என்னும் மறு ஒலிபரப்பு நிலையம். அது ஓர் அலைவரிசையில் கேட்டதை, அதே நொடியில் மற்றோர் அலைவரிசையில் உரக்கச் சொல்லும். இரண்டு அலைவரிசைகளுக்கும் இடையே வழக்கமாக 0.6 மெகாஹெர்ட்ஸ் வேறுபாடு இருக்கும்.

ஒருவர் சொன்னதை மற்றொருவர் வாங்கி அப்பால் சேர்ப்பது ஹாம்களின் பழைய வழக்கமே. அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரிலிருந்த ஹைரம் பெர்சி மாக்சிம் என்பவரின் செய்தி, சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஸ்பிரிங்பீல்டு நகரை நேராக எட்டவில்லை. இடையிலிருந்த ஓர் ஊர்க்காரர் அதை வாங்கி அப்பால் அனுப்பி வைத்தார். அந்த அனுபவத்திலிருந்தே 1914-ஆம் ஆண்டில் அமெரிக்க ஹாம்களின் சங்கம் பிறந்தது. அதன் பெயரிலேயே 'ரிலே' என்ற சொல் இருக்கிறது. அன்று இடையிலிருந்த மனிதர் செய்த வேலையை இன்று மலையுச்சியிலுள்ள இயந்திரம் செய்கிறது.

ஆபத்தில் உதவும் நண்பன்

"எல்லோரிடமும் கைப்பேசி இருக்கும் இந்நாளில் இது எதற்கு?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வியே. ஆனால் கைப்பேசிக் கோபுரங்களுக்கு மின்சாரம் வேண்டும். அவற்றை நகரங்களோடு இணைக்கும் கம்பிவடங்கள் அறுபடாமல் இருக்க வேண்டும். பெரும் புயலிலும் நிலநடுக்கத்திலும் இவ்விரண்டும் ஒருசேரப் போய்விடுகின்றன. எஞ்சிய கோபுரங்களையும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் அவை திணறிப் போகின்றன.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்ததை நம் கடற்கரை மக்கள் மறக்க இயலுமோ? அப்போது அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரில், பாரதி பிரசாத் என்னும் ஹாம் பெண்மணி இருந்தார். ஐதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் வானொலி நிலையத்தின் சார்பில், அத்தீவுகளிலிருந்து உலக ஹாம்களோடு உரையாடச் சென்ற குழுவுக்கு அவர் தலைமை வகித்திருந்தார். பொழுதுபோக்காகத் தொடங்கிய பயணம் ஒரே காலைப் பொழுதில் தொண்டாக மாறியது. தீவுகளில் அகப்பட்டோர் உயிரோடிருக்கின்றனரா என்னும் செய்திகளை அவரும் தோழர்களும் வானொலி வழியே இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பினர். பெற்றோரைப் பிரிந்து தவித்த பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைத் தேடிய பெற்றோருக்கும் அச்செய்திகள் எத்துணை ஆறுதல் அளித்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ!

அவர் பயன்படுத்தியது கடல் கடந்து செல்லும் சிற்றலை. ஒரு மாவட்டத்துக்குள்ளே, வெள்ளத்தில் நடந்து செல்லும் தொண்டர் கையிலிருக்கும் சிறு கருவியோடு பேசுவதற்கு மலையுச்சி ரிப்பீட்டரே துணை. அது வேலை செய்ய வேண்டிய நாளில் ஊமையாக நின்றால், உதவி கேட்பவரின் குரல் பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

கேடு செய்வோர் யார்?

இத்தகைய நிலையங்களுக்குப் புயலும் மின்னலும் மட்டுமா பகை? குரங்கும் எலியும் எறும்பும்கூடக் கம்பிகளைப் பதம் பார்ப்பதுண்டு. ஆயினும் மனிதர் செய்யும் கேடே பெரிது. அதை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர் திருடர். இவர்கள் நாடுவது வானொலிக் கருவியை அல்ல. செம்பு, ஈயம், அலுமினியம் ஆகிய உலோகங்களையே. கம்பிவடத்தில் செம்பு உண்டு. பாட்டரியில் ஈயம் உண்டு. இரண்டும் காயலான் கடையில் உடனே காசாகும். சூரிய ஒளித் தகடுகளுக்கும் வாங்குவோர் உண்டு.

இரண்டாம் வகையினர் வேலையற்ற விளையாட்டுக்காரர். அமெரிக்காவின் மேற்குப் பகுதி மலைகளில் துப்பாக்கியோடு திரிவோர் சிலர், ஏரியலையும் எச்சரிக்கைப் பலகையையும் குறி பார்த்துச் சுட்டுப் பழகுவது அங்குள்ள ஹாம்களுக்குப் பழகிப்போன தொல்லை. துப்பாக்கி இல்லாத நாடுகளில் அவ்வேலையைக் கல் செய்கிறது.

மூன்றாம் வகையினர் வதந்தியை நம்புவோர். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, புதிய கைப்பேசிக் கோபுரங்களே அந்நோய்க்குக் காரணம் என்ற பொய்யை நம்பிப் பிரிட்டனில் பல கோபுரங்களுக்குத் தீ வைத்தனர். பர்மிங்காம் நகரில் நோயாளிகளுக்கென அமைத்த தற்காலிக மருத்துவமனைக்குப் பயன்பட்ட கோபுரமும் தாக்கப்பட்டது. உறவினர் அருகில் வரவே அனுமதியில்லாத காலம் அது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் இருந்த ஒரே பாலத்தின்மேல் தீ வைத்தனர் எனில், அறியாமையின் கொடுமையை என்னென்பது!

நான்காம் வகையினர் மலையேறுவதே இல்லை. இருந்த இடத்திலிருந்தே ரிப்பீட்டரின் அலைவரிசையில் இரைச்சலை அனுப்பிப் பிறர் பேச்சைக் கெடுப்பர். இதுவும் சேதம் விளைவிப்பதே.

சிறு திருட்டு, பெரு நட்டம்

திருடனுக்குக் கிடைப்பது சொற்பம். சமூகம் இழப்பதோ பன்மடங்கு. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். கோபுரத்திலிருந்து நிலத்துக்குள் செல்லும் செம்புப் பட்டை ஒன்று உண்டு. மின்னல் தாக்கினால் அதன் ஆற்றலை மண்ணுக்குள் இறக்குவது அதுவே. ஒரு கள்வன் அதை வெட்டிக்கொண்டு போகிறான். மறுநாள் நிலையம் வழக்கம்போல வேலை செய்கிறது. எவருக்கும் ஐயம் எழுவதில்லை. அடுத்த மழையில் இடி விழுகிறது. இறங்க வழியில்லாத மின்னல் கருவிக்குள்ளேயே பாய்ந்து அனைத்தையும் எரித்துவிடுகிறது. ஒருவன் சில நூறு ரூபாய்க்கு விற்ற பட்டையால், பலர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தில் வாங்கிய கருவி சாம்பலாகிறது.

கம்பிவடத்தில் விழும் ஒரு சிறு துளையும் அவ்வாறே. அதன் வழியே மழைநீர் புகுந்து, உள்ளிருக்கும் கம்பி வலையைப் பற்றிக்கொண்டு திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நெடுந்தூரம் பரவும். நிலையத்தின் குரல் மெல்ல மெல்லத் தேயும். காரணம் கண்டுபிடிப்பதற்குள் மழைக்காலம் வந்துவிடும்.

கோபுரத்தைத் தாங்கும் ஸ்டே கம்பிகளின் முறுக்காணியைக் கழற்றுவது எல்லாவற்றிலும் கொடியது. அடுத்த காற்றில் கோபுரமே சாய்ந்துவிடும். கீழே நிற்பவர் உயிருக்கும் ஆபத்து.

காக்கும் வழிகள்

வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. இனி, அனுபவமுள்ள ஹாம்கள் கையாளும் வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, இடத்தைத் தேர்ந்தெடுத்தல். மிக உயரமான உச்சியே சிறந்தது என்று எண்ணிவிடலாகாது. சற்றே தாழ்ந்த இடமாயினும், அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் காவலரோ, வனத்துறைக் குடியிருப்போ, கோயிலோ இருக்குமாயின் அதுவே மேல். நிலத்துக்குரியவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுதல் இன்றியமையாதது. அனுமதி பெற்ற நிலையத்தை நிலச் சொந்தக்காரரும் தம்முடையதாக எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

இரண்டாவது, அறையின் வலிமை. சன்னல் இல்லாத கான்கிரீட் அறையும் இரும்புக் கதவும் ஏற்றவை. கதவின் கீல்கள் உட்புறம் இருக்க வேண்டும். வெளியிலிருந்தால் பூட்டைத் தொடாமலே கீலை அறுத்துக் கதவை எடுத்துவிடுவர். பூட்டைச் சுற்றி இரும்புக் கூடு ஒன்றைப் பற்றவைத்தால், கடப்பாரையோ இரம்பமோ உள்ளே நுழைய இடமிராது. காற்று வருவதற்கான துளைகளைச் சாய்வாக அமைத்துக் கம்பி வலை இட்டால் மழையும் வாராது, எலியும் வாராது, குச்சியும் நுழையாது. அறைக்குப் பளபளப்பான வண்ணம் வேண்டாம். பாறையின் நிறமே போதும்.

மூன்றாவது, வெளியிலிருப்பவற்றைக் காத்தல். கம்பிவடங்களை இரும்புக் குழாய்க்குள் செலுத்தி, இயன்ற இடங்களில் மண்ணுள் புதைக்க வேண்டும். செம்புப் பட்டையின் மீது கான்கிரீட் பூசிவிட்டால் அது கண்ணிலும் படாது, கையிலும் அகப்படாது. கோபுரத்தின் அடியில் சுமார் 3 மீட்டர் உயரத்துக்குப் படிகளை எடுத்துவிடவோ தகடு போட்டு மூடவோ வேண்டும். இல்லாவிடில் ஏதுமறியாச் சிறுவன் ஏறி விழக்கூடும். முறுக்காணிகளின் கண்களில் கம்பியைக் கோத்து முறுக்கிவிட்டால் அவற்றை வெறுங்கையால் திருக முடியாது. சூரிய ஒளித் தகடுகளை உயர்ந்த கம்பத்தில் ஏற்றி, திருகாணிகளின் தலையைக் கழற்ற இயலாதவாறு பற்றவைத்துவிடுவதும் வழக்கம்.

நான்காவது, திருடனுக்குக் கிடைக்கும் ஆதாயத்தைக் குறைத்தல். பாட்டரியிலும் தகட்டிலும் கருவியிலும் நிலையத்தின் அழைப்புக்குறியைப் பெரிதாகப் பொறித்துவிட வேண்டும். அடையாளம் உள்ள பொருளை வாங்கக் கடைக்காரர் தயங்குவார். ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் நிழற்படத்தையும் சங்கத்தின் ஏட்டில் வைத்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவும் எளிது.

ஐந்தாவது, நிலையமே பேசுமாறு செய்தல். கதவில் ஒரு சிறு விசையைப் பொருத்தினால், கதவு திறந்த மறுகணம் ரிப்பீட்டர் ஒரு குறிப்பொலியை ஒலிக்கும். பாட்டரியின் அழுத்தம் குறைந்தாலும், ஏரியலில் கோளாறு நேர்ந்தாலும் அவ்வாறே அறிவிக்கும். கீழே வீட்டில் படித்துக்கொண்டிருக்கும் ஹாம் ஒருவர் அதைக் கேட்டு உடனே பிறரை எழுப்பலாம். மலை ஏறி ஓடிச் செல்ல இரண்டு மணி நேரம் ஆயினும், போனது எது என்பது அன்றே தெரிந்துவிடுமல்லவா? இடியினால் எரியவிருக்கும் கருவியை முன்கூட்டியே காத்துவிடலாம்.

ஆறாவது, அடிக்கடி சென்று பார்த்தல். புதர் மண்டி, கதவு துருப்பிடித்து, பலகை உடைந்து கிடக்கும் இடத்தைக் கண்டால், "கேட்பாரற்றது" என்ற எண்ணமே எவருக்கும் தோன்றும். புல்லை வெட்டி, உடைந்ததை உடனே மாற்றினால், "இதற்கு ஆள் இருக்கிறது" என்பது சொல்லாமலே விளங்கும். சுற்றிலும் புல்லை வெட்டி வைத்தால் காட்டுத்தீயும் அணுகாது. சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதை எழுதி வைப்பதும், ஒருவர் சங்கத்தைவிட்டு விலகினால் பூட்டை மாற்றுவதும் நலம்.

ஏழாவது, ஒன்றையே நம்பாதிருத்தல். எத்துணை காவல் செய்யினும் ஒரு நாள் சேதம் நேரலாம். ஆகவே வேறொரு மலையில் மாற்று நிலையமும், ரிப்பீட்டரே இல்லாமல் நேருக்கு நேர் பேசும் அலைவரிசையும் முன்னதாகவே முடிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அதைப் பயிற்சி நாள்களில் பேசியும் பழக வேண்டும்.

இரைச்சல் அனுப்பும் நான்காம் வகையினரை எவ்வாறு பிடிப்பது? ஒரு திசையில் மட்டும் நன்கு கேட்கும் ஏரியலைக் கையில் ஏந்தி, இரண்டு மூன்று இடங்களிலிருந்து திசை பார்த்து, வரைபடத்தில் கோடு இழுத்தால், கோடுகள் சந்திக்குமிடமே குற்றவாளியின் இருப்பிடம். இதை ஹாம்கள் 'நரி வேட்டை' என்னும் பெயரில் விளையாட்டாகவே பயில்கின்றனர். நாம் கணிதத்தில் படிக்கும் முக்கோணம் இங்கே துப்பறிகிறது!

செய்யக் கூடாதது

கோபத்தில் சிலர் வேலியில் மின்சாரம் பாய்ச்சலாம் என்றும், கண்ணி வைக்கலாம் என்றும் நினைப்பர். இது பெருந்தவறு, சட்டத்துக்கும் விரோதமானது. அந்த வேலியைத் தொடப்போவது திருடனாகத்தான் இருக்கும் என்று யார் கூற முடியும்? ஆட்டைத் தேடி வந்த சிறுமியாக இருக்கலாம். மழைக்கு ஒதுங்கிய விறகுகாரியாக இருக்கலாம். உயிரைக் காக்க வைத்த நிலையம் உயிரை வாங்கிவிடலாகாது. ஒரு பெட்டி போனால் மற்றொரு பெட்டி வாங்கலாம்.

மக்களே மதில்

இறுதியாக, எல்லாப் பூட்டுகளையும்விடப் பெரிய பூட்டு ஒன்று உண்டு. அது அக்கம்பக்கத்து மக்களின் நல்லெண்ணம். இதை நமக்குக் கற்பிப்பது நம் கடலே. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தினர் 1996-ஆம் ஆண்டு முதல் கடலில் மிதவைகளை நிறுத்திக் காற்றையும் அலையையும் அளந்து வருகின்றனர். அவையும் ஆளில்லா நிலையங்களே. மிதவையைச் சுற்றி மீன்கள் கூடுவதால் படகுகள் அங்கே வருகின்றன. படகைக் கட்டுவதாலும் பாகங்களைக் கழற்றுவதாலும் மிதவைகள் பழுதாகின்றன. நடுக்கடலில் காவலர் நிற்க இயலுமா? ஆகவே விஞ்ஞானிகள் மீனவர் குப்பங்களுக்கே சென்று, "இம்மிதவை தரும் செய்தியினால்தான் புயல் எச்சரிக்கை உங்களுக்கு வருகிறது" என்று விளக்கும் பணியை மேற்கொண்டனர்.

மலைக்கும் இதுவே பொருந்தும். தூரத்தார் கண்ணுக்கு மறைவாகவும், பக்கத்தார் நெஞ்சுக்கு வெளிப்படையாகவும் நிலையம் இருக்க வேண்டும். "அபாயம், நெருங்காதே" என்று மட்டும் எழுதிய பலகை அச்சத்தையும் ஐயத்தையுமே வளர்க்கும். அதனடியில், ஊர் மக்களின் மொழியிலேயே, "புயல், வெள்ளக் காலங்களில் உங்கள் ஊருக்காகப் பேசும் நிலையம் இது. பழுது கண்டால் தெரிவியுங்கள்" என்று எழுதி, தொலைபேசி எண்ணையும் தந்தால், பார்ப்பவர் காவலராக மாறுவார். ஆண்டுக்கொரு முறை அவ்வூர்ச் சிறுவர் சிறுமியரை அழைத்துக் கருவியைக் காட்டி, அவர்களையே பேசச் செய்தால், கல் எடுக்கும் கை தயங்கும். மலையடிவாரத்துப் பெண் ஒருத்தி அத்தேர்வில் தேறி அழைப்புக்குறி பெற்றுவிட்டால், அந்த நிலையத்துக்கு அவளைவிட நல்ல காவல் வேறு ஏது?

தோழியரே! நம்மில் எத்தனை பேர் ஹாம் ஆவோமோ அறியோம். ஆனால் சுற்றுலா செல்லும்போது மலைமேல் ஒரு சிறு அறையையும் கோபுரத்தையும் நாம் யாவரும் காணக்கூடும். உடன் வருவோர் கல்லெடுத்தால், "வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்வோம். கதவு திறந்தோ கம்பி அறுந்தோ கிடந்தால், பலகையிலுள்ள எண்ணுக்குத் தெரிவிப்போம். கோபுரங்களைப் பற்றிப் பொய்ச் செய்தி பரவினால், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் நம்மோடு நிறுத்துவோம். இவை மூன்றும் பணம் இல்லாமலே செய்யக்கூடியவை. நாம் காத்த அந்நிலையம், முகமறியாத ஒரு தாய்க்கு, "உன் மகள் நலமாயிருக்கிறாள்" என்னும் செய்தியை ஒரு புயல் இரவில் கொண்டு சேர்க்கக்கூடும்.